படிகம் தானாகத் துடிப்பதில்லை: ஒரு நொடித் துடிப்புச் சுற்றின் எளிய விளக்கம்

"கிரிஸ்டல் போட்டுவிட்டால் நேரம் தப்பாது" என்பது மின்னணுச் சுற்றுகளைப் பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பவர்களிடையே அடிக்கடி காதில் விழும் பேச்சு. அதோடு சேர்த்து, கிரிஸ்டல் எனப்படும் இந்தக் குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது தானே துடிக்கும் என்றும், அதன் உறையில் அச்சிட்டுள்ள எண் எதுவோ அதுவே அப்படியே கிடைக்கும் என்றும், பக்கத்தில் வைக்கும் இரண்டு சிறிய மின்தேக்கிகள் இரைச்சலை வடிகட்டுவதற்காக என்றும் சொல்லிவிடுகிறார்கள். மூன்றும் தவறு. சுற்றுப்படத்தைப் பார்த்து அப்படியே கட்டி, அது ஓடியும் விட்டால் இந்தத் தவறுகள் வெளியே தெரிவதில்லை. ஓடாதபோதும், ஓடியும் நாளுக்குச் சில நொடிகள் பிந்தும்போதும்தான் எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் ஐ.சி.யை (பல உறுப்புகளை உள்ளடக்கிய சில்லை) மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது.

ஆகவே, நொடிக்கு ஒரு துடிப்பு தரும் எளிய சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சீரான இடைவெளியில் மேலேறியும் கீழிறங்கியும் மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தையே இங்கே கடிகாரத் துடிப்பு என்கிறோம். சுவர்க் கடிகாரம் முதல் கணினியின் செயலி வரை எல்லாம் இந்தத் துடிப்பை எண்ணியே அடுத்த அடியை எடுத்து வைக்கின்றன.

தூளியும் அதை ஆட்டும் கையும்

விட்டத்தில் கட்டிய தூளியில் குழந்தையைப் போட்டு, தூளியின் ஓரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே அவ்வப்போது இழுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூளி ஒரு முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தூளியின் நீளம் முடிவு செய்கிறது. இழுப்பவரின் அவசரம் முடிவு செய்வதில்லை. வேகமாக வெடுக்கு வெடுக்கென்று இழுத்தால் தூளி தடுமாறுமே தவிர, வேகமாக ஆடாது. அதன் போக்குக்கு இசைந்து, அது திரும்பும் நேரம் பார்த்து லேசாக இழுத்தால் போதும், நெடுநேரம் ஆடும். கையை எடுத்துவிட்டாலோ சிறிது நேரத்தில் நின்றுவிடும், ஏனெனில் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றல் உராய்விலும் காற்றிலும் போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது கயிறு. இழுப்பதற்கு மட்டும் அது பயன்படுவதில்லை. தூளி இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கைக்கு உணர்த்துவதும் அதுவே. தூளி கைக்குச் சொல்கிறது, கை தூளியைத் தள்ளுகிறது, மீண்டும் தூளி கைக்குச் சொல்கிறது.

இப்போது சொற்களை வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு பொருள் வெளியிலிருந்து எந்த வற்புறுத்தலும் இல்லாமல் நொடிக்கு எத்தனை முறை ஆட விரும்புகிறதோ, அது அதன் இயல் அதிர்வெண். ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கப்படும். அந்த அதிர்வெண்ணிலேயே தள்ளும்போது ஆட்டம் பெரிதாவது ஒத்ததிர்வு. ஆட்டத்தின் ஒரு பகுதியை எடுத்து, பெருக்கி, அதற்கே திருப்பிக் கொடுப்பது பின்னூட்டம். ஆடும் பொருளும், இழப்பை ஈடுகட்டும் பெருக்கியும், இரண்டையும் இணைக்கும் பின்னூட்டமும் சேர்ந்த முழு அமைப்புதான் அலையியற்றி. நம் சுற்றில் படிகம் தூளி மட்டுமே. கை வேறு.

குவார்ட்ஸ் எப்படி ஆடுகிறது

1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். அப்படியானால் மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளைய வேண்டும் அல்லவா என்று 1881இல் கேப்ரியல் லிப்மன் கணக்கிட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்களே அதைச் சோதித்து உறுதிசெய்தனர். இந்த இருவழி உறவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: மின்னழுத்தம் படிகத்தை அசைக்கிறது, அசையும் படிகம் மின்னழுத்தத்தைத் தருகிறது. தூளிக் கயிற்றின் இரண்டு வேலைகளையும் இயற்கை இந்தப் படிகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பிரித்தால், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, இரண்டு மெல்லிய கம்பிகளோடு ஒரு சிறிய வெள்ளி நிற உருளை கிடைக்கும். அதற்குள் காற்று நீக்கப்பட்ட வெளியில், இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அதன் இரு கரங்களும் நொடிக்கு 32,768 முறை நெருங்கி விலகுகின்றன. குவார்ட்ஸின் உட்புற உராய்வு மிகக் குறைவு, காற்றும் இல்லை. எனவே ஒருமுறை ஆடத் தொடங்கினால், கையை எடுத்த பிறகும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வரை அது தொடரும். இப்படி இழப்பு குறைந்த ஒன்று, தன் இயல் அதிர்வெண்ணிலிருந்து இம்மியளவு விலகிய தள்ளுதலைக்கூட ஏற்காது. படிகத்தின் துல்லியம் என்று நாம் புகழ்வது உண்மையில் அதன் இந்தப் பிடிவாதத்தைத்தான்.

ஒப்பீட்டுக்கு, மின்தடையும் மின்தேக்கியும் மட்டும் கொண்டு 555 ஐ.சி.யில் செய்யும் துடிப்புச் சுற்றை எண்ணிப் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் சாதாரண மின்தடை 5 சதவீதமும் மின்தேக்கி 10 அல்லது 20 சதவீதமும் மாறியிருக்கலாம். திருகி ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலும், ஒரு நாளைக்கு 86,400 நொடிகள் என்ற கணக்கில் 864 நொடி, அதாவது 14 நிமிடத்துக்கு மேல் பிழை வரும். எல்.இ.டி.யை மினுக்குவதற்கு அது தாராளம்; மணி பார்ப்பதற்கு உதவாது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம் இது: படிகம் துடிப்பை உருவாக்குவதில்லை. வெளியிலிருந்து வரும் தள்ளுதல்களில் ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் ஏற்று மற்றவற்றை உதறிவிடுகிறது. தள்ளுவதற்குத் தனியாக ஒரு பெருக்கி வேண்டும்.

ஏன் 32,768?

பார்ப்பதற்கு அலங்கோலமாகத் தோன்றும் இந்த எண், 2ஐப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது. இலக்கமுறைச் சுற்றுகளில் மிக எளிதான கணக்கு பாதியாக்குவது. உள்ளே இரண்டு துடிப்பு வந்தால் வெளியே ஒன்று விடும் உறுப்புக்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர். அவற்றைப் பதினைந்து எண்ணிக்கையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 32,768 என்பது 16,384 ஆகி, 8,192 ஆகி, இறுதியில் சரியாக 1 ஆகிவிடும்.

இதைவிடக் குறைந்த எண்ணிலும் கடிகாரங்கள் இருந்தன. 1969 டிசம்பரில் டோக்கியோவில் விற்பனைக்கு வந்த சீக்கோ அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் 8,192 ஹெர்ட்ஸில் ஆடியது. அதிர்வெண் கூடக்கூட ஐ.சி. உறிஞ்சும் மின்சாரமும் கூடும்; குறையக்குறையக் குவார்ட்ஸ் துண்டு பெரிதாகும். இரண்டுக்கும் நடுவில், மனிதச் செவிக்கு எட்டாத உயரத்தில் அமைந்த 32,768 நிலைத்துவிட்டது.

கையின் வேலை நாட் கேட்டுக்கு

படிகத்தை வைத்து முதன்முதலில் அலையியற்றி செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் வால்டர் கேடி. காலம் 1920களின் தொடக்கம். அடுத்த சில ஆண்டுகளில் ஹார்வர்டில் பணியாற்றிய ஜார்ஜ் பியர்ஸ், ஒரே ஒரு பெருக்கியும் படிகமும் மட்டும் போதும் என்ற அளவுக்கு அதை எளிமையாக்கினார். இன்று நாம் கட்டப்போவதும், பெரும்பாலான கைக்கடிகாரங்களிலும் நுண்கட்டுப்படுத்திகளிலும் இருப்பதும் பியர்ஸின் அமைப்பே. அவர் காலத்தின் வெற்றிடக் குழல் இருந்த இடத்தில் இப்போது நாட் கேட் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

நாட் கேட் என்பது உள்ளே தாழ்வு வந்தால் வெளியே உயர்வும், உயர்வு வந்தால் தாழ்வும் தரும் உறுப்பு. அதைப் பெருக்கி என்று சொல்வது புதியவர்களுக்கு விந்தையாகப் படலாம். ஆனால் உயர்வும் இல்லாத, தாழ்வும் இல்லாத நடுநிலையில் அதை நிறுத்தினால், உள்ளே ஏற்படும் மிகச் சிறிய அசைவு வெளியே பெரிய அசைவாகத் தலைகீழாக வரும். அந்த நடுநிலையில் அதை நிறுத்தி வைப்பதற்காகத்தான் அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 10 மெகாஓம் அளவுள்ள பெரிய மின்தடை ஒன்றைப் பாலம்போல் வைக்கிறோம். சுற்றுப்படத்தில் பயனற்றதாகத் தோன்றும் இந்த மின்தடையைத் தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டால் கேட் ஏதாவது ஒரு கோடியில் போய் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும்.

தலைகீழாக்கினால் தள்ளுதல் எதிர்ப்பக்கமாக அல்லவா போகும் என்ற கேள்வி நியாயமானது. தலைகீழ் என்பது அரைச் சுற்றுத் தாமதத்துக்குச் சமம். மீதி அரைச் சுற்றுத் தாமதத்தைப் படிகமும் அதன் இருபுறம் உள்ள மின்தேக்கிகளும் சேர்ந்து தருகின்றன. இரண்டும் கூடி முழுச் சுற்று ஆகும்போது, தள்ளுதல் சரியான நேரத்தில் வந்து சேர்கிறது. முதல் தள்ளுதல் எங்கிருந்து வருகிறது? எல்லா மின்சுற்றிலும் எப்போதும் இருக்கும் மின்னிரைச்சலிலிருந்து. அதில் கலந்திருக்கும் ஆயிரம் அதிர்வெண்களில் தனக்குரியதைப் படிகம் பொறுக்கிக்கொள்ள, கேட் அதைப் பெருக்க, அது வளர்கிறது. பிடிவாதக்காரப் படிகம் மெதுவாகவே வேகம் எடுக்கும் என்பதால், மின்சாரம் கொடுத்த பிறகு துடிப்பு நிலைபெற ஒரு நொடியோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் சுற்று ஓடவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சுற்றைக் கட்டுதல்

சிடி4060 என்ற பதினாறு கால் ஐ.சி.யில் தேவையான கேட்டும், பதினான்கு ஃபிளிப்-ஃபிளாப்களும் ஒன்றாகவே கிடைக்கின்றன. இது பழைய ஐ.சி.தான், ஆனால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிடத் தெளிவாக எல்லாவற்றையும் காட்டும் வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

16ஆம் காலுக்கு 5 வோல்ட்டும், 8ஆம் காலுக்குத் தரையும் (மின்மூலத்தின் எதிர்முனை) கொடுத்து, இரண்டுக்கும் இடையே, ஐ.சி.க்கு அருகிலேயே, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைக்க வேண்டும். இரைச்சலை அடக்கும் மின்தேக்கி இந்தச் சுற்றில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். 12ஆம் கால் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவது. அதைத் தரையில் கட்டிவிட வேண்டும். 9ஆம் கால் நமக்குத் தேவையில்லை.

10, 11ஆம் கால்களுக்கு இடையே 10 மெகாஓம் மின்தடையை இணைக்கவும். படிகத்தின் ஒரு கம்பி நேராக 11ஆம் காலுக்குப் போகும். மற்றொரு கம்பி 330 கிலோஓம் மின்தடை வழியாக 10ஆம் காலுக்குப் போகும். அந்த மின்தடை கேட்டின் வேகத்தைத் தணிப்பதற்கானது: கடிகாரப் படிகங்கள் பொதுவாக ஒரு மைக்ரோவாட் அளவு ஆற்றலையே தாங்கும்படி செய்யப்பட்டவை, கூடுதலாகத் தள்ளினால் குவார்ட்ஸ் கரங்கள் பழுதாகக்கூடும். படிகத்தின் இரு கம்பிகளிலிருந்தும் தரைக்கு ஆளுக்கொரு 15 பைக்கோஃபாரட் செராமிக் மின்தேக்கி வேண்டும்.

பதினான்கு முறை பாதியாக்கிய துடிப்பு 3ஆம் காலில் வரும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நொடிக்கு ஒன்று பெறப் பதினைந்து பாதியாக்கல் தேவை. சிடி4060இல் இருப்பதோ பதினான்கு. ஆகவே 3ஆம் காலில் நொடிக்கு இரண்டு துடிப்புகள் வருவது சரியானதே, படிகம் கோளாறானதற்கு அடையாளம் அன்று. கடைசிப் பாதியாக்கலுக்கு சிடி4013இல் உள்ள இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களில் ஒன்று போதும். அதன் 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்குத் தரை. 2ஆம் காலையும் 5ஆம் காலையும் ஒன்றோடொன்று இணைத்து, 4, 6ஆம் கால்களைத் தரையில் கட்டி, 3ஆம் காலில் நம் துடிப்பைக் கொடுத்தால், 1ஆம் காலில் அரை நொடி உயர்வும் அரை நொடி தாழ்வுமாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பயன்படாத மற்றொரு ஃபிளிப்-ஃபிளாப்பின் உள்ளீடுகளான 8, 9, 10, 11ஆம் கால்களையும் தரையில் கட்டிவிட வேண்டும். அந்தரத்தில் விட்ட உள்ளீடுகள் காரணமின்றித் தடுமாறும்.

இந்த வகை ஐ.சி.கள் 5 வோல்ட்டில் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்கே மின்சாரம் தரக்கூடியவை. எனவே எல்.இ.டி.யை நேராக மாட்டாமல், பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 10 கிலோஓம் வழியாகத் துடிப்பைக் கொடுத்து, அதன் கலெக்டரில் 470 ஓமுடன் எல்.இ.டி.யை எரிப்பது நல்லது.

சுருக்கமாக: கேட் தள்ளுகிறது, படிகம் தேர்ந்தெடுக்கிறது, 10 மெகாஓம் கேட்டை நடுநிலையில் வைக்கிறது, 330 கிலோஓம் படிகத்தைக் காக்கிறது, பதினைந்து ஃபிளிப்-ஃபிளாப்கள் பாதியாக்குகின்றன.

அந்த இரண்டு சிறிய மின்தேக்கிகள்

இவற்றை வடிகட்டி என்று நினைத்துக் கைக்குக் கிடைத்த அளவைப் போடுவதுதான் தொடக்கநிலையில் மிகப் பரவலான பிழை. தூளியில் கட்டிய கயிற்றின் எடையும் தூளியின் ஆட்டத்தில் கலந்துகொள்வதுபோல, படிகத்தின் கம்பிகளுக்கு இடையே தெரியும் மொத்த மின்தேக்கம் அதன் அதிர்வெண்ணைச் சற்றே இழுக்கிறது. படிகத்தைச் செய்தவர் அதைச் சோதித்து 32,768 என்று எழுதியபோது ஒரு குறிப்பிட்ட மின்தேக்கத்தைச் சுமக்கவைத்தே சோதித்திருப்பார். அதற்குச் சுமை மின்தேக்கம் என்று பெயர். கடிகாரப் படிகங்களில் 12.5 பைக்கோஃபாரட் என்பதும் 6 பைக்கோஃபாரட் என்பதும் அடிக்கடி காணப்படும் அளவுகள். அதே சுமையை நாமும் கொடுத்தால்தான் அச்சிட்ட எண் கிடைக்கும்.

12.5 என்று போட்டிருந்தால் 12.5 அளவில் இரண்டு வாங்கி மாட்டுவது சரியாகாது. இரு மின்தேக்கிகளும் படிகத்தின் பார்வையில் தொடராக நிற்பதால், 15 அளவில் இரண்டு சேர்ந்து 7.5 ஆகவே தெரியும். மீதி எங்கே? பிரெட்போர்டின் (உறுப்புகளைப் பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகையின்) பக்கத்துப் பக்கத்து வரிசைகளும், ஐ.சி.யின் கால்களும், கம்பிகளும் நாம் கேட்காமலேயே சில பைக்கோஃபாரட்களைச் சேர்த்துவிடுகின்றன. அது ஏறக்குறைய 5 என்று கொண்டால் கணக்கு 12.5க்கு வந்துவிடும். படிகத்துக்கு நீளமான கம்பிகள் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்: அந்தக் கம்பியும் கடிகாரத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

பழைய கடிகாரத்திலிருந்து எடுத்த படிகத்தில் இந்த அளவு எழுதியிருக்காது. அதை வைத்துப் பழகலாம். துல்லியம் வேண்டுமென்றால் அளவு தெரிந்த புதியதை வாங்குவதே மேல். அதன் விலையும் சில ரூபாய்கள்தான்.

எவ்வளவு சரியாக ஓடும்?

படிகத்தின் பிழையைச் சதவீதத்தில் சொல்வதில்லை. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள், சுருக்கமாகப் பிபிஎம். சாதாரணக் கடிகாரப் படிகத்துக்கு 20 பிபிஎம் என்று போட்டிருந்தால், நாளுக்கு 1.7 நொடியும், மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடியும் முன்பின்னாகலாம் என்று பொருள். நேரம் தப்பாது என்ற பேச்சு இந்த எல்லைக்குள் மட்டுமே உண்மை.

வெப்பமும் இதில் தலையிடுகிறது. இசைக்கவைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் மிக வேகமாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அதிலிருந்து வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அது மெதுவாகவே ஆகும். வேறுபாட்டு டிகிரியின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் என்பது தெரியும். அறை 40 டிகிரியைத் தொடும் மே மாதப் பகலில் வேறுபாடு 15, பிழை 7.65 பிபிஎம், அதாவது நாள் முழுதும் அப்படியே இருந்தால் முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவான பின்னடைவு. இந்த விளைவையும் அளந்து திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 போன்ற ஐ.சி.கள் 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம் எல்லைக்குள் நிற்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நிரல் எழுதி ஓட்டிப் பழகும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்னணுப் பலகையில் உள்ள படிகத்தை நம்பிக் கடிகாரம் செய்துவிட்டு, அது நாளுக்குப் பல நொடிகளோ நிமிடங்களோ தவறும்போது நிரலில் பிழை தேடுபவர்கள் ஏராளம். அந்தப் பலகையின் மூன்றாம் பதிப்பில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வெள்ளி நிறப் படிகம் யு.எஸ்.பி.யைக் கவனிக்கும் ஐ.சி.க்கு உரியது. நம் நிரலை ஓட்டும் ஐ.சி.க்குத் துடிப்பு தருவது செராமிக் அதிர்வி என்ற சிறிய உறுப்பு; அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம், அதாவது நாளுக்கு ஏழு நிமிடம். நிரலை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது. அதேபோல், நான்கு கால் கொண்ட உலோகப் பெட்டி வடிவில் விற்பது படிகம் மட்டும் அன்று. பெருக்கியும் உள்ளேயே இருக்கும் முழு அலையியற்றி. அது மின்சாரம் கொடுத்தவுடன் துடிக்கும். படிகம் தானாகத் துடிக்கும் என்ற நம்பிக்கை இதைப் பார்த்து வந்ததாகவே இருக்கலாம்.

சோதித்தலும் திருத்தலும்

சுற்று ஓடுகிறதா என்று பார்க்க 10, 11ஆம் கால்களைத் தொடாதீர்கள். அலைநோக்கியின் (ஆசிலாஸ்கோப்) முனையே 10 பைக்கோஃபாரட்டுக்கு மேல் சேர்க்கும்; மல்ட்டிமீட்டர் 10 மெகாஓம் அளவுக்குச் சுமையாகும். இரண்டும் அந்த மெல்லிய ஆட்டத்தை மாற்றிவிடும், சில சமயம் நிறுத்தியே விடும். அளப்பதற்குரிய இடம் 7ஆம் கால்: நான்கு முறை பாதியாக்கிய 2,048 ஹெர்ட்ஸ் அங்கே வரும், அதைத் தொடுவதால் படிகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதிர்வெண் அளக்கும் மல்ட்டிமீட்டர் 2.048 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் சுற்று உயிரோடு இருக்கிறது என்று மட்டும் கொள்ளலாம். கடைசி இலக்கம் ஒன்று மாறுவதே 488 பிபிஎம் ஆகிவிடுவதால், துல்லியத்தைப் பற்றி அந்த மீட்டர் எதுவும் சொல்லாது.

துல்லியத்தை அளக்க மிக மலிவான கருவி காத்திருப்பதுதான். வலையமைப்பிலிருந்து நேரம் பெறும் கைப்பேசியில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்துவைத்து, நொடி மாறும் கணத்துக்கும் நம் எல்.இ.டி. எரியும் கணத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். இடைவெளி அரை நொடி நகர்ந்திருந்தால் பிழை ஏறக்குறைய 23 பிபிஎம். ஒரு நாள் முழுதும் விட்டுவிட்டுப் பார்த்தால் நகர்ந்தது கால் நொடியா ஒன்றேகால் நொடியா என்று பிரித்தறிய முடியாது என்பதால், முதலில் இந்தக் குறுகிய இடைவெளியே நல்லது. பிழை சிறிதான பிறகு நாள்கணக்கில் நீட்டலாம்.

திருத்துவதற்கு, 11ஆம் காலிலுள்ள 15 பைக்கோஃபாரட் மின்தேக்கியை எடுத்துவிட்டு 5 முதல் 30 வரை திருகக்கூடிய டிரிம்மர் மின்தேக்கியை வைக்கவும். எல்.இ.டி. முந்தினால் மின்தேக்கத்தைக் கூட்ட வேண்டும்; பிந்தினால் குறைக்க வேண்டும். திருகுவதற்கு இரும்புத் திருப்புளி வேண்டாம், பிளாஸ்டிக்கால் ஆனது நல்லது: இரும்பு பக்கத்தில் வந்தாலே மின்தேக்கம் மாறி, திருப்புளியை எடுத்தவுடன் வேறோர் அளவுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருகி, மீண்டும் ஆறு மணி நேரம் விட்டுப் பாருங்கள், கூடியவரை அறையின் வெப்பம் ஒரே அளவில் இருக்கும் நேரத்தில்.